தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சொல் தேட ஒரு சிறு கருவி: புது டெவலப்பர்களுக்கு

டீம் லீட் ஒரு டிக்கெட்டைத் தலையில் கட்டுகிறார்: "அக்கவுன்ட் டெலிட் பட்டன் வைக்கணும், சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துச் செய்." இந்தியாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிடிஎஃப்பைத் திறந்து 'டெலிட்' என்று தேடுகிறீர்கள். வேண்டிய பிரிவு வராது. அங்கே இருப்பவை 'இரேஸ்', 'இரேஷர்' என்ற சொற்கள். அவையும் ஓரிடத்தில் இல்லை: சட்டத்தின் பிரிவு 12இல் பயனரின் உரிமையாக, பிரிவு 8இல் நிறுவனத்தின் கடமையாக, 2025 விதிகளில் விதி 8ஆகக் கால அளவுகளோடு. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தப் பட்டனை எழுத முடியும்.

இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கச் சின்னதாக ஒரு தேடல் கருவி போதும். கொஞ்சம் பைத்தானும் அடிப்படை எஸ்கியூஎல்லும் தெரிந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேடும் இயந்திரத்தை எழுதுவது சுலபம். நாம் பேசும் சொல்லையும் சட்டம் பேசும் சொல்லையும் இணைக்கிற பட்டியலைத் தயாரிப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

எந்த உரைகளைச் சேர்ப்பது

முதலாவது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. டிபிடிபி என்று சொல்வார்களே, அதுதான். 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். 44 பிரிவுகள், கடைசியில் அபராதங்களைச் சொல்லும் ஓர் அட்டவணை. இரண்டாவது, அதன் கீழ் 2025 நவம்பரில் வந்த விதிகள், மொத்தம் 23. நமக்கு வேண்டிய தொழில்நுட்ப விஷயம் பெரும்பாலும் விதிகளில்தான் இருக்கிறது. சட்டம் 'நியாயமான பாதுகாப்பு நடவடிக்கைகள்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். என்கிரிப்ஷன், மாஸ்கிங், அக்சஸ் கன்ட்ரோல், லாக், பேக்கப் என்று விரித்துச் சொல்வது விதி 6. சட்டத்தை மட்டும் இன்டெக்ஸ் செய்துவிட்டு, 'லாக் பற்றி ஒன்றும் இல்லை' என்று முடிவுகட்டினால் அது தப்பு.

மூன்றாவது, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு. இது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பகுதி அல்ல, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆனால் சர்வரில் கை வைக்கிற யாருக்கும் இது வேண்டும். நான்காவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் 2011 விதிகளும். இவை பழையவை என்று ஒதுக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளவர்களுக்கு உங்கள் நிறுவனம் பொருளோ சேவையோ வழங்குகிறதா? அப்படியானால் அங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரும் வேண்டும். நிறுவனம் கோயம்புத்தூரில் இருந்தாலும் அது பொருந்தும், அதன் 3ஆம் பிரிவு அப்படி எழுதப்பட்டிருக்கிறது. 99 பிரிவுகள், முன்னால் 173 முகவுரைப் பத்திகள். ஒன்றியத்தின் சட்டத் தளமான யூர்-லெக்ஸில் எச்டிஎம்எல்லாகவே கிடைப்பதால் வேலை மிச்சம்.

இந்தியச் சட்டத்தை அரசிதழ்த் தளத்திலிருந்தோ மின்னணு அமைச்சகத்தின் தளத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள். இணையத்தில் 2018 வரைவும், 2022இல் திரும்பப் பெறப்பட்ட 2019 மசோதாவும், 2022 நவம்பர் வரைவும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பெயரெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, பிரிவு எண்கள் மட்டும் வேறு. 'டேட்டா போர்ட்டபிலிட்டி' என்று தேடி உரிமைப் பிரிவு ஒன்று வந்தால், உங்கள் கையில் இருப்பது பழைய வரைவு. 2023 சட்டத்தில் அந்த உரிமை இல்லை. ஏஐ சாட் கருவிகளிடம் கேட்டால் இந்த வரைவுகளை எல்லாம் கலந்து, துணிச்சலாக ஒரு பிரிவு எண்ணைச் சொல்லும் ஆபத்தும் உண்டு. மூல உரையை நம் கையில் வைத்துக்கொள்ள இது ஒன்றே போதுமான காரணம் என்பது என் கருத்து.

பிடிஎஃப்பிலிருந்து உரை

இங்கேதான் புதியவர்கள் சலித்துப்போவார்கள். அரசிதழில் அச்சாகும் சட்டத்தில் பிரிவின் தலைப்பு மேலே இருக்காது, பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இரண்டு மூன்று வரியாக மடங்கி நிற்கும். பிடிஎஃப்பை உரையாக மாற்றும் நிரலுக்கு அது ஓரம் என்று தெரியாது. வாக்கியத்தின் நடுவில் அந்தத் தலைப்பைத் துண்டு துண்டாகச் செருகிவிடும். அப்புறம் 'பர்சனல் டேட்டா பிரீச்' என்று முழுத் தொடராகத் தேடினால் வராது. ஏனென்றால் 'டேட்டா'வுக்கும் 'பிரீச்'சுக்கும் நடுவில் ஓரக்குறிப்பின் பாதி உட்கார்ந்திருக்கும்.

பக்கத்தில் எழுத்து இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளையும் சேர்த்துக் கொடுக்கும் நூலகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஓரப் பகுதியைத் தனியாக வெட்டிவிடுங்கள். அதில் வருவது தலைப்பு, மீதி உரை. ஓரம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறலாம், பார்த்துக்கொள்ளுங்கள். 44 பிரிவுதானே என்று கையால் ஒட்டினாலும் பாதகமில்லை. ஒரு மாலை நேரத்து வேலை, பிழையும் குறையும். விதிகளின் அரசிதழில் முதலில் இந்தி, பிறகு ஆங்கிலம் என்று ஒரே கோப்பில் வரும். ஆங்கிலப் பாதி தொடங்கும் பக்கத்திலிருந்து எடுங்கள்.

எப்படி வெட்டுவது

ஒரு பக்கம் ஒரு வரிசை என்று வைக்காதீர்கள், ஒரு பிரிவு ஒரு வரிசை என்றும் வேண்டாம். பிரிவு 8 மட்டுமே நீளமானது. அதன் 5ஆம் உட்பிரிவு பாதுகாப்பு, 6 தரவுக் கசிவு, 7 அழிப்பு. மூன்றும் மூன்று டிக்கெட். ஆகவே உட்பிரிவுதான் அலகு. ஒவ்வொரு வரிசையிலும் சட்டத்தின் பெயர், பிரிவு எண், உட்பிரிவு எண், தலைப்பு, உரை, நடைமுறைக்கு வரும் தேதி, மூல இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் வரும் எடுத்துக்காட்டுகளை அந்தந்த உட்பிரிவோடு சேர்த்தே வையுங்கள். டெவலப்பருக்குப் பழகிய சொற்கள் அங்கேதான் இருக்கின்றன. பிரிவு 6இல் ஒருவர் டெலிமெடிசின் ஆப் ஒன்றை இறக்குகிறார். அது மருத்துவச் சேவைக்கும் ஒப்புதல் கேட்கிறது, போனிலுள்ள கான்டாக்ட் லிஸ்ட்டுக்கும் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி சொல்கிறார். ஆனாலும் சட்டத்தின் பார்வையில் ஒப்புதல் மருத்துவச் சேவைக்கு மட்டுமே, கான்டாக்ட் லிஸ்ட் அந்தச் சேவைக்குத் தேவையில்லை என்பதால். உங்கள் ஆப்பின் பெர்மிஷன் திரையை வடிவமைக்க இதைவிடத் தெளிவான பாடம் வேறெங்கே கிடைக்கும்? எடுத்துக்காட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் 'கான்டாக்ட் லிஸ்ட்' என்ற தேடலுக்கு இது வராமல் போகும்.

விளக்கங்கள் இருக்கும் பிரிவு 2ஐ ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரிசையாக உடையுங்கள். தேடலில் அந்தச் சொல் வந்தால் விளக்கம் முதலில் தெரிய வேண்டும்.

தேதிக் கட்டத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்தச் சட்டம் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. மீறல்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பது போன்ற பிரிவுகள் 2025 நவம்பரிலேயே வந்துவிட்டன. பயனரின் ஒப்புதல்களை அவர் சார்பில் நிர்வகிக்கும் கன்சென்ட் மேனேஜர் தொடர்பானவை ஓராண்டு கழித்து, அதாவது 2026 நவம்பரில். அறிவிப்பு, ஒப்புதல், பாதுகாப்பு, பயனர் உரிமைகள் என்று நம் வேலையைத் தொடும் பெரும்பகுதி பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில். பழைய 43ஏ பிரிவை நீக்கும் பிரிவு 44இன் 2ஆம் உட்பிரிவும் அந்தப் பதினெட்டு மாதப் பட்டியலில்தான் இருக்கிறது. அதுவரை 2011 விதிகள் உயிரோடு இருக்கும். 'பாஸ்வேர்ட்' என்று தேடினால் அந்த 2011 விதிகளின் 3ஆம் விதிதான் வந்து நிற்கும். முக்கியத் தனிநபர் தரவுப் பட்டியலில் அங்கே முதலில் இருப்பதே பாஸ்வேர்ட்.

தேடும் இயந்திரம்

எஸ்கியூலைட் போதும். அதிலேயே எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் வசதி இருக்கிறது. தனி சர்வர் வேண்டாம், எலாஸ்டிக்சர்ச் எல்லாம் சில நூறு வரிசைகளுக்கு ரொம்ப அதிகம். மெய்நிகர் அட்டவணை ஒன்றை உருவாக்கி, தலைப்பும் உரையும் தேடக்கூடிய கட்டங்களாக, மற்றவை தேடாத கட்டங்களாகச் சேருங்கள். வரிசைப்படுத்த பிஎம்25 செயற்கூறு இருக்கிறது. அதில் தலைப்புக்கு உரையைவிட அதிக எடை கொடுங்கள். அது தரும் மதிப்பெண் எதிர்மறையாக இருக்கும், சிறிய எண்தான் நல்ல பொருத்தம். ஏறுவரிசையில் அடுக்கினால் சரி. பொருந்திய வார்த்தையைச் சுற்றியுள்ள வரியை மட்டும் காட்ட ஸ்னிப்பட் செயற்கூறு.

சாதாரண எழுத்துப் பொருத்தத்தை விட்டுவிட்டு இதை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டால், ஜிடிபிஆரில் 'லாக்' என்று கிரெப் போட்டுப் பாருங்கள். 'டெக்னாலஜி', 'பயாலஜிக்கல்' என்று எழுத்து பொருந்தும் எல்லாச் சொல்லும் வந்து குவியும். 'ஏஜ்' என்று வயதைத் தேடினால் 'ஸ்டோரேஜ்', 'டேமேஜ்', 'லாங்வேஜ்' வரும். எஃப்டிஎஸ்5 முழுச் சொல்லாகப் பிரித்துத் தேடுவதால் இந்தக் குப்பை வராது.

போர்ட்டர் என்ற வேர்ச்சொல் பிரிப்பானையும் இயக்கிவிடுங்கள், ஆனால் அதை முழுக்க நம்பாதீர்கள். 'பிராசஸ்', 'பிராசஸிங்' இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், 'பிராசஸர்' வேறாக நிற்கும். அது நமக்கு நல்லதே, ஏனென்றால் அது நமக்காகத் தரவைக் கையாளும் வேறு ஆளைக் குறிக்கும் சொல். ஆனால் 'இரேஸ்' என்று தேடினால் 'இரேஷர்' வராது, இரண்டின் வேரையும் போர்ட்டர் வேறு வேறாக வெட்டுகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: 'சென்சிட்டிவ்' என்று தேடினால் டிபிடிபியின் பிரிவு 10 வரும். அங்கே இருப்பது 'சென்சிட்டிவிட்டி', பெரிய நிறுவனங்களைத் தனியாக அறிவிப்பதற்கான அளவுகோல்களில் ஒன்றாக. 'சென்சிட்டிவ் டேட்டா' என்று தனி வகை இந்தச் சட்டத்தில் கிடையாது. புதிதாக வருபவர் இந்த முடிவைப் பார்த்து ஏமாற வாய்ப்பு அதிகம்.

இணைப்புக்கோடு உள்ள சொல்லை அப்படியே வினவலில் கொடுத்தால் எஃப்டிஎஸ்5 பிழை காட்டும். பயனர் அடிக்கும் எதையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்து அனுப்புங்கள்.

சொல் பட்டியல்

இனிதான் விஷயமே. இரண்டு கட்டம் கொண்ட சாதாரண அட்டவணை: நம் சொல், சட்டச் சொல். பயனர் தேடும்போது முதலில் இதில் பார்த்து, கிடைத்த சட்டச் சொற்களை எல்லாம் 'ஆர்' (அல்லது) போட்டுச் சேர்த்துத் தேட வேண்டும். தொடக்கத்துக்கு இவை போதும்:

யூசர், கஸ்டமர்: டிபிடிபியில் 'டேட்டா பிரின்சிபல்', ஜிடிபிஆரில் 'டேட்டா சப்ஜெக்ட்'.
நம் நிறுவனம்: 'டேட்டா ஃபிடூஷியரி', 'கன்ட்ரோலர்'.
வெண்டர், கிளவுட்: 'டேட்டா பிராசஸர்', 'பிராசஸர்'.
டெலிட், பர்ஜ்: 'இரேஸ்', 'இரேஷர்', 'ரீட்டென்ஷன்'.
அன்சப்ஸ்கிரைப்: 'வித்ட்ரா' அருகில் 'கன்சென்ட்'.
லீக், ஹேக்: 'பர்சனல் டேட்டா பிரீச்', செர்ட்-இன்னில் 'இன்சிடென்ட்'.
ஆட் டிராக்கிங்: 'பிஹேவியரல் மானிட்டரிங்', 'டார்கெட்டட் அட்வர்டைசிங்', ஜிடிபிஆரில் 'ப்ரொஃபைலிங்'.
வெளிநாட்டு சர்வர்: 'டிரான்ஸ்ஃபர்' அருகில் 'அவுட்சைட்'.
கம்ப்ளெயின்ட்: 'கிரீவன்ஸ்'.

ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தரவு கசிந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள எல்லோரும் அடிப்பது 'நோட்டிஃபை'. டிபிடிபியில் அதற்கு வருவதெல்லாம் மத்திய அரசு அரசிதழில் அறிவிப்பது பற்றிய வரிகள். நிறுவனம் வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்வதற்குப் பிரிவு 8இன் 6ஆம் உட்பிரிவு பயன்படுத்தும் சொல் 'இன்டிமேஷன்'. ஜிடிபிஆரில் 33ஆம் பிரிவு 'நோட்டிஃபிகேஷன்', 34ஆம் பிரிவு 'கம்யூனிகேஷன்'. ஒரே வேலைக்கு மூன்று சொல். இந்த ஒரு வரி பட்டியலில் இல்லையென்றால், வாரியத்துக்குத் தகவல் சொல்லத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற விஷயமே தேடலில் தட்டுப்படாது.

எண்களுக்கும் இதே கதிதான். ஜிடிபிஆர் '72' என்று இலக்கத்தில் எழுதுகிறது. இந்திய விதி 7 அதையே 'செவன்டி-டூ' என்று எழுத்தில் எழுதுகிறது. செர்ட்-இன் உத்தரவு மறுபடி இலக்கம்: 6 மணி நேரத்துக்குள் அறிக்கை, 180 நாள் லாக். ஆகவே எண்களையும் பட்டியலில் இரண்டு வடிவிலும் போட்டுவிடுங்கள். 'அவர்' என்று மணி நேரத்தைத் தேடினால் 6, 72, இன்னொரு 72 மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். எது முதலில் ஓடும் கடிகாரம் என்று அப்போதுதான் தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம். டிபிடிபி சட்டம் தனிநபரை 'ஷி', 'ஹர்' என்றே குறிப்பிடுகிறது, அது எல்லாப் பாலினரையும் குறிக்கும் என்று விளக்கப் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. 'ஹிஸ் பர்சனல் டேட்டா' என்று தொடராகத் தேடி ஏமாறாதீர்கள்.

தமிழில் தேட வேண்டுமா? 'ஒப்புதல்' என்று அடித்தால் 'கன்சென்ட்' பிரிவுகள் வருவது நல்ல வசதி. ஆனால் எஃப்டிஎஸ்5இன் இயல்பான பிரிப்பான் தமிழைச் சிதைக்கும். புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தாக எண்ணாமல், அங்கங்கே சொல்லை உடைத்துவிடும். அட்டவணையை உருவாக்கும்போது எழுத்து வகைகளைக் குறிக்கும் விருப்பத்தில் எம்என், எம்சி என்ற இரண்டு வகைகளையும் சேர்த்தால் சரியாகும். சட்டத்தின் உரை ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்ச் சொற்களை இந்தப் பட்டியலில் மட்டும் வைத்து நேரடியாகப் பொருத்திப் பார்ப்பது இன்னும் எளிது. ஒப்புதல், சம்மதம், அனுமதி மூன்றையும் போடுங்கள், ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வார்கள்.

சரியாக வேலை செய்கிறதா

விடை தெரிந்த சில கேள்விகளை யூனிட் டெஸ்ட்டாகவே எழுதிவிடுங்கள். 'அன்சப்ஸ்கிரைப்' கொடுத்தால் டிபிடிபியின் பிரிவு 6இல் 4ஆம் உட்பிரிவும் ஜிடிபிஆரின் 7ஆம் பிரிவும் வர வேண்டும். ஒப்புதல் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று இரண்டும் சொல்கின்றன. 'மைனர்' கொடுத்தால் 18 வயது என்ற டிபிடிபி விளக்கமும், 16 என்று வைத்து நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ள இடம் தரும் ஜிடிபிஆரின் 8ஆம் பிரிவும். 'தமிழ்' கொடுத்தால் பிரிவு 5இன் 3ஆம் உட்பிரிவு. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது அது. சட்டத்தில் 'தமிழ்' என்ற சொல்லே இருக்காது, அதனால் இதையும் பட்டியலில் கையால் சேர்க்க வேண்டும்.

'டெலிட்' டெஸ்ட்தான் எல்லாவற்றிலும் முக்கியம். பிரிவு 12இன் 3, பிரிவு 8இன் 7, விதி 8, ஜிடிபிஆர் 17 நான்கும் வர வேண்டும். விதி 8ஐ முழுக்கப் படியுங்கள். தரவையும் அது தொடர்பான இணையப் போக்குவரத்துப் பதிவுகளையும் லாக்குகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்லும் பகுதி அதில் இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் டேட்டாபேஸிலிருந்து ஒரேயடியாகத் துடைத்துவிடும் வடிவமைப்பு அங்கேயே அடிபடும். அழிக்கக் கேட்ட தேதியைக் குறித்துவைத்து, அன்றாடப் பயன்பாட்டிலிருந்து தரவைப் பிரித்துப் பூட்டி, காலம் முடிந்ததும் துடைக்கும் வேலையை ஜாப்பாக ஓட விடுவது ஒரு வழி. எந்த நாளிலிருந்து கணக்கு என்பதை உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேடலில் ஒன்றும் வராவிட்டால் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம் இல்லை. ஜிடிபிஆரில் 'குக்கீ' என்ற சொல் முகவுரையின் 30ஆம் பத்தியில் மட்டும் வருகிறது. குக்கீக்கு ஒப்புதல் கேட்கச் சொல்வது வேறு சட்டம், 2002இன் இ-பிரைவசி ஆணையின் 5ஆம் பிரிவு. இப்படிப்பட்ட இடங்களுக்கு 'இங்கே இல்லை, அங்கே பார்' என்று ஒரு குறிப்புக் கட்டத்தைச் சொல் பட்டியலிலேயே வைத்துவிடுங்கள். முடிவு பூஜ்யம் என்றால் வெறும் திரையைக் காட்டாமல், தேடப்பட்ட சொல்லைப் பதிவுசெய்யுங்கள். வாரம் ஒருமுறை அந்தப் பதிவைப் பார்த்தால், பட்டியலில் அடுத்து எதைச் சேர்க்க வேண்டும் என்று உங்கள் சக ஊழியர்களே சொல்லியிருப்பார்கள். யார் தேடினார் என்பதைப் பதிய வேண்டாம், சொல் மட்டும் போதும்.

அலுவலகத்தில் புழங்கவிடுவது

கட்டளை வரியில் ஓடும் வடிவமே முதலில் போதும். டிக்கெட்டில் பிரிவு எண்ணும் தேதியும் ஒட்டுவதற்கு வசதியாக, முடிவை ஒரே வரியில் நகலெடுக்கும்படி கொடுங்கள்: 'டிபிடிபி 8(6), 2027 மே முதல்' என்பது போல. புல் ரிக்வெஸ்ட்டில் இந்த வரி இருந்தால், ரிவ்யூ செய்பவர் வாதாடாமல் மூலத்தைத் திறந்து பார்ப்பார்.

இதே சொல் பட்டியலின் யோசனையை ஸ்கீமா பக்கமும் திருப்பலாம். இமெயில், மொபைல், ஆதார், பிறந்த தேதி என்ற சொற்களை டேட்டாபேஸின் கட்டப் பெயர்களில் தேடினால், தனிநபர் தரவு எந்தெந்த அட்டவணையில் கிடக்கிறது என்று ஒரு முதல் கணக்கு கிடைக்கும். நம் ஊர் டேட்டாபேஸ்களில் மொபைல் எண் 'பிஎச்1', 'கான்டாக்ட்_நோ', 'வாட்ஸ்அப்' என்று பல பெயரில் இருக்கும். 'ரிமார்க்ஸ்' கட்டத்துக்குள் யாராவது முழு விலாசத்தையும் அடித்து வைத்திருப்பார்கள். பெயரை மட்டும் நம்பாமல் சில வரிசைகளைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கருவியின் மேல் பக்கத்தில் உரைகளைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்ற தேதியைப் பெரிதாகப் போடுங்கள். திருத்தம் வந்தால் பழைய வரிசையை அழிக்காதீர்கள். முடிவுத் தேதி ஒன்றைச் சேர்த்து வைத்துவிட்டு, புதிய வரிசையைத் தனியாகப் போடுங்கள். போன வருடம் எழுதிய நிரல் எந்த விதியைப் பார்த்து எழுதப்பட்டது என்று ஆடிட்டர் கேட்கும்போது அந்தப் பழைய வரிசைதான் பதில். 2026 நவம்பருக்கும் 2027 மே மாதத்துக்கும் ஒரு மாதம் முன்பே அரசிதழைப் பார்க்கும்படி டீம் காலண்டரில் இன்றைக்கே இரண்டு நினைவூட்டல் போட்டுவிடுங்கள். நடைமுறைத் தேதிகள் மாறினால் நீங்கள் தொட வேண்டியது அந்த ஒரே ஒரு கட்டத்தைத்தான்.